தாலினில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது: முதலில் சங்கத்தின் கணக்கைப் பாருங்கள்

எஸ்டோனியாவில் முதலீட்டுக்காக ஃபிளாட் பார்ப்பவர்கள் சமையலறையையும் ஜன்னலையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் கட்டடத்தின் கணக்கு. 2018 முதல் அங்கே ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் சட்டப்படி உரிமையாளர் சங்கம் உண்டு. ஃபிளாட்டை வாங்கினால் நீங்களும் அதில் உறுப்பினர், விலக வழியில்லை.

தலைநகர் தாலினின் முஸ்தமாயே, லாஸ்னமாயே பகுதிகளில் பெரும்பாலும் சோவியத் காலத்துக் கான்கிரீட் பலகைக் கட்டடங்கள்தான். வெளிச்சுவருக்கு வெப்பக்காப்பு போடவும் குழாய்களை மாற்றவும் சங்கமே வங்கியில் நீண்டகாலக் கடன் வாங்கும். தவணை சதுர மீட்டர் கணக்கில் மாத பில்லில் ஏறும். சதுர மீட்டருக்கு 2 யூரோ என்று வைத்தால், 45 சதுர மீட்டர் ஃபிளாட்டுக்கு மாதம் 90 யூரோ. இந்தக் கடன் ஃபிளாட்டின் பத்திரத்தில் அடமானமாகத் தெரியாது. வில்லங்கம் மட்டும் பார்த்துவிட்டு வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

செப்பனிடாத கட்டடம் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். வெந்நீரால் வீட்டைச் சூடாக்கும் பழைய ஒற்றைக் குழாய் அமைப்பில் பல ரேடியேட்டர்களுக்குச் சூட்டைக் குறைக்கும் வால்வே கிடையாது. ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே போகும் சூட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். வேலை முடிந்து, கடனில் பாதியாவது அடைந்த கட்டடமே எங்கள் தேர்வு.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ஒரு ஜனவரி பில், ஒரு ஜூலை பில், கடைசிப் பொதுக்குழுக் கூட்டத்தின் தீர்மானங்கள், கட்டடம் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று காட்டும் ஆற்றல் சான்றிதழ். சங்கத்தின் ஆண்டறிக்கையை யாரையும் கேட்க வேண்டாம், வணிகப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். கடன் பாக்கி அதில் இருக்கும். கூட்டத்தில் லிஃப்ட் அல்லது கூரை வேலை பேசப்பட்டிருந்தால் அதையும் விலையில் கழித்துப் பேரம் பேசுங்கள். முந்தைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்த பாக்கிக்கு வாங்குபவரும் ஜாமீன்தாரர் போலப் பொறுப்பாவார் என்பதால், பாக்கி இல்லை என்ற கடிதம் கையெழுத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அடுத்து நிலப் பதிவேடு. இரண்டாம் பகுதியில் உரிமையாளர், மூன்றாம் பகுதியில் வில்லங்கங்களும் கட்டுப்பாடுகளும், நான்காம் பகுதியில் அடமானங்கள். தாலினின் கலமாயா பகுதியிலுள்ள பழைய மரவீடுகள் என்றால் கட்டடப் பதிவேட்டையும் திறந்து, அதிலுள்ள பரப்பளவையும் அறைகளையும் நேரில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். அனுமதியில்லாமல் மாடியறை கட்டியிருந்தால் வங்கிக் கடன் அங்கேயே நின்றுவிடும்.

டோக்கன் அட்வான்ஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வீடு வாங்க விற்கச் செய்யும் ஒப்பந்தம் நோட்டரி முன் எழுதப்பட்டால்தான் செல்லும். தரகர் நீட்டும் ‘முன்பதிவு’ தாளை நம்பிப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். அங்கே நோட்டரி வெறுமனே முத்திரை குத்துபவர் அல்ல. பதிவேட்டைச் சரிபார்த்து, ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்டுவார். எஸ்டோனிய மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணத்தை நேரே விற்பவருக்கு அனுப்பாமல் நோட்டரியின் வைப்புக் கணக்கில் போடலாம். வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவரிடம் வாங்காதீர்கள்.

வாடகைக்கு விடும்போது முன்வைப்பாக அதிகபட்சம் மூன்று மாத வாடகை வாங்கலாம். சங்கத்தின் செப்பனிடும் நிதியையும் கடன் தவணையையும் குடியிருப்பவர் கட்டுவதாக 2021 முதல் ஒப்புக்கொள்ள முடியும், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த 90 யூரோ உங்கள் பையிலிருந்துதான்.

கட்டடத்துக்கு ஆண்டுவரி இல்லை, நிலத்துக்கு மட்டும் உண்டு. வாடகை வருமானத்துக்கு 2025 முதல் 22 சதவீத வருமான வரி. எஸ்டோனியாவில் வசிக்கும் தனிநபர் வீட்டு வாடகையில் 20 சதவீதத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்க முடியாது. லாபத்தை எடுக்காமல் அடுத்த ஃபிளாட்டில் போடும் எண்ணமிருந்தால் கம்பெனி பெயரில் வாங்குவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அங்கே லாபத்தைப் பங்கிடும்போதுதான் வரி.