வால்மீனைக் கடந்து பறக்கும் விண்கலம்: பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

தாளும் கால்குலேட்டரும் போதும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1985 ஜூலை 2 அன்று ஏவிய ஜியோட்டோவை மாதிரியாக வைத்துக்கொள்வோம். 1986 மார்ச்சில் ஹாலி வால்மீனின் உட்கருவை (நடுவிலுள்ள திடப்பகுதியை) 596 கி.மீ. தொலைவில் கடந்த கலம் அது.

படி 1: சந்திக்கும் இடம்

வால்மீனைத் துரத்தாதீர்கள். பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை அது வெட்டும் இடத்துக்கு அருகே சந்தியுங்கள். தளத்தை விட்டு விலக எரிபொருள் ஏராளமாகச் செலவாகும்.

படி 2: வேகம்

மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். பூமியின் வேகம் நொடிக்கு 30 கி.மீ.; அதே தொலைவில் ஹாலியின் வேகம் ஏறக்குறைய 42. ஹாலி எதிர்த்திசையில் சுற்றுவதால் கூட்டுங்கள்: 72. சந்திப்பு சற்றுச் சாய்வானது என்பதால் உண்மையில் 68.

படி 3: கவசம்

வால்மீனைச் சுற்றிப் பறக்கும் தூசியில் ஒரு கிராமுக்கு ½mv² (இயக்க ஆற்றல்; m நிறை, v வேகம்) போட்டுப் பாருங்கள். 23 லட்சம் ஜூல் வரும்; அரை கிலோ வெடிமருந்துக்குச் சமம்! கனமான ஒற்றைத் தகட்டை ஏவூர்தி சுமக்காது. அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் சொன்ன வழி எளிது: முன்னால் மெல்லிய தகடு, இடைவெளி, பின்னால் தடித்த சுவர். தகட்டில் மோதும் தூசி ஆவியாகி, இடைவெளியில் பரவி, வலுவிழந்து சுவரில் விழும். ஜியோட்டோவில் முன்தகடு 1 மி.மீ. அலுமினியம், பின்சுவர் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழை.

படி 4: குறி

வெடித்துக் கிளம்பும் வாயு வால்மீனையே தள்ளுவதால் அதன் பாதைக் கணக்கு பிசகும். முன்னதாக, மார்ச் 6, 9 தேதிகளில் ஹாலியைக் கடந்த சோவியத் வேகா கலங்களின் படங்களைக் கொண்டுதான் ஜியோட்டோவுக்குக் குறி திருத்தினார்கள். போட்டி நாடுகள் இப்படிக் கைகோத்தது அபூர்வம்.

படி 5: தகவல்

சேமித்துவைத்துப் பிறகு அனுப்பலாம் என்று எண்ணாதீர்கள். கலம் பிழைக்குமா என்பதே சந்தேகம். ஜியோட்டோ எல்லாவற்றையும் உடனுக்குடன் அனுப்பியது. நெருக்கமான கணத்துக்குச் சில நொடிகள் முன்பு ஒரு துகள் மோதி, கலம் தள்ளாடி, அரை மணி நேரம் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. கேமரா அதன்பின் படம் எடுக்கவேயில்லை. ஆனால் படங்கள் பூமிக்கு வந்துசேர்ந்துவிட்டன.

படி 6: மிச்ச எரிபொருள்

கொஞ்சம் மீதம் வையுங்கள். ஜியோட்டோ 1990-இல் பூமியின் ஈர்ப்பைப் பயன்படுத்திப் பாதை மாறி, 1992 ஜூலையில் கிரிக்-ஸ்கெல்லரப் வால்மீனையும் கடந்தது. அது பூமி சுற்றும் திசையிலேயே சுற்றுவதால் சந்திப்பு வேகம் நொடிக்குச் சுமார் 14 கி.மீ. மட்டுமே. மூன்றாம் படியின் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள்: தூசியின் ஆற்றல் ஏறத்தாழ 24-இல் ஒரு பங்காகிவிடும்.