வால்பாறையில் தவளைகளோடு குடியிருக்க

வால்பாறைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் யானை, சிறுத்தை பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே வருவது தவளைதான்.

பளிச்சென்ற நிறத்தைப் பார்த்து விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆளைக் கொல்லும் அம்புத் தவளைகள் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இருப்பவை. அந்தக் குடும்பமே நம் மலையில் கிடையாது. இங்கே கண்ணைப் பறிப்பது பறக்கும் தவளை. முதுகு இளம் இலைப் பச்சை, விரலிடுக்கில் ஆரஞ்சுச் சிவப்புச் சவ்வு. அதை விரித்துத்தான் உயரத்திலிருந்து சறுக்கி இறங்கும். அதில் ஒரு வகைக்கு ஆனைமலையில் பார்த்து 2000-ல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். பச்சை முதுகில் கருங்கோடுகள் ஓடினால் அதுவாக இருக்கலாம், நன்றாகப் பாருங்கள்.

ஆனால் கையில் எடுக்காதீர்கள். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகிறது. நம் கையிலோ அட்டைப்பூச்சிக்காகத் தடவிய உப்பு, புகையிலை, இல்லாவிட்டால் கொசு மருந்து இருக்கும். அதெல்லாம் நேரே அதன் உடம்புக்குள் போய்விடும். குளியலறையில் வந்து ஒட்டிக்கொண்டதா? சோப்பு இல்லாத ஈர மக்கால் மூடி, அடியில் ஒரு காகித அட்டையைச் செருகி, வெளியே ஈரச் செடியில் விடுங்கள். அதன் மேல் ஃபினாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். தவறித் தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்குமுன் கையைக் கழுவிவிடுங்கள், எரியலாம்.

ராத்திரி டார்ச்சோடு தேடிப் போக ஆசை வரும். யானை பக்கத்தில் இருப்பதைச் சொல்லும் சிவப்பு விளக்கு கம்பத்தில் எரிந்தால் வாசலைத் தாண்டாதீர்கள். வேலிச் செடியிலேயே கட்டைவிரல் நுனி அளவுப் புதர்த் தவளைகள் டிக் டிக் என்று கத்திக்கொண்டிருக்கும். அவை தலைப்பிரட்டையாக நீந்துவதே இல்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வரும்.

அப்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இலையில் வெள்ளை நுரை தொங்கினால் அழுக்கென்று துடைப்பத்தால் தட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பறக்கும் தவளை தன் முட்டைகளை அந்த நுரைக்குள்தான் வைத்திருக்கிறது. சில நாளில் தலைப்பிரட்டைகள் நேரே கீழே தண்ணீரில் விழும். அதுவரை அந்தக் கிளையை வெட்ட வேண்டாம், பக்கத்தில் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். சிமென்ட் தொட்டியாக இருந்தால் கால் முளைத்த குஞ்சுகள் ஏறி வர ஒரு கம்பைச் சாய்த்து வையுங்கள்.