தொண்டு அமைப்பின் சமூக ஊடகப் பக்கம்: வருஷம் முழுக்க உயிரோடு வைத்திருப்பது எப்படி?

புயல் வந்தால் ஒரே நாளில் பத்துப் பதிவு. தண்ணீர் வடிந்ததும் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. குளம் தூர்வாரும் குழு, மரபு நெல் காக்கும் குழு, மாலை வகுப்பு நடத்தும் அமைப்பு என்று நம் டெல்டாவில் பலரின் பக்கங்கள் இப்படித்தான் கிடக்கின்றன. வேலை என்னவோ வருஷம் முழுக்க நடக்கிறது. உதவ நினைக்கும் ஒருவர் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பதிவு 2018 கஜா நிவாரணம் என்று பார்த்தால், அமைப்பு கலைந்துவிட்டது என்றுதான் நினைப்பார். ஒரு செல்போனும் வாரத்தில் ஒரு மணி நேரமும் இருந்தால் இதை மாற்றலாம்.

படி 1: கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கட்டும்

பேஸ்புக்கில் தனிநபர் கணக்கு வேண்டாம். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. ‘பக்கம்’ தொடங்குங்கள். அமைப்புக்கென்று தனி மின்னஞ்சல் வைத்து, குறைந்தது இரண்டு பேருக்கு முழு நிர்வாக உரிமை கொடுங்கள். ஆரம்பித்துக் கொடுத்த தம்பி வேலை கிடைத்துச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போனாலும் பக்கம் நின்றுவிடக் கூடாது. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

படி 2: இரண்டு தளம் போதும்

ஊர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப், வெளியூரில் இருப்பவர்களுக்குப் பேஸ்புக். வாட்ஸ்அப் குழுவைவிட, நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் சேனல் நல்லது. சேருபவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் பெண்கள் தயங்காமல் சேர்வார்கள். இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

படி 3: ஆற்றை வைத்து நாட்காட்டி போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ‘இன்றைக்கு என்ன போடுவது’ என்ற கேள்வியில்தான் பெரும்பாலான பக்கங்கள் நின்றுபோகின்றன. நமக்கு அந்தக் கவலையே வேண்டாம், நம் வருஷத்துக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு, சில நாளில் கல்லணை, அப்புறம் குறுவை நடவு, ஆடிப்பெருக்கு, சம்பா, தாளடி, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை, தையில் அறுவடை.

குளம் தூர்வாரும் குழு என்றால் சித்திரை, வைகாசியில் வண்டல் அள்ளும் படங்கள். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் வீடியோ. ஐப்பசியில் நிரம்பிய குளம். மூன்றையும் ஒரே படித்துறையில் நின்று, ஒரே பக்கம் பார்த்து எடுங்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் விளக்கமே தேவைப்படாது. 2024-ல் மேட்டூர் ஜூலை கடைசியில்தான் திறந்தது. அப்படித் தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் காய்ந்த வாய்க்காலையும் காட்டுங்கள். அதுவும் உங்கள் வேலையின் கதைதான்.

அறுவடை நேரத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கென்று நான்கு பதிவுகளை முன்பே எழுதி வையுங்கள்.

படி 4: எழுதுவது

‘நமது அமைப்பின் சார்பில் மாபெரும் தூர்வாரும் பணி சிறப்பாக நடைபெற்றது’ என்பதில் படிப்பவருக்கு ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“கீழத்தெரு குளத்தின் தென்கரையில் இன்று ஆகாயத்தாமரை எடுத்தோம். வடகரை பாக்கி இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வாருங்கள்.”

எந்த இடம், என்ன முடிந்தது, என்ன பாக்கி. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

படம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசி மூட்டையை வாங்கும் அம்மாவின் முகத்தைப் போடாதீர்கள். வெள்ளத்தில் வீடு இழந்தவர், ஊரே பார்க்கக் கை நீட்டி நிற்க வேண்டியதில்லை. மூட்டைகளைக் காட்டுங்கள், சுமக்கும் தொண்டர்களைக் காட்டுங்கள். குழந்தைகள் படம் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் போடவே கூடாது.

படி 5: வாராந்தர ஒரு மணி நேரம்

ஒருவர் படம் சேர்க்கட்டும், ஒருவர் எழுதட்டும், மூத்தவர் ஒருவர் பெயர், தேதி, ஊர் சரியா என்று பார்க்கட்டும். பேஸ்புக் நிறுவனத்தின் கருவியான மெட்டா பிசினஸ் சூட்டில் நாளும் நேரமும் குறித்து வைத்தால் அதுவே வெளியிடும். புயல் காலத்தில் மட்டும் இந்த ஒழுங்கைத் தள்ளி வைத்து, வானிலை மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதை மட்டும் பகிருங்கள். பழைய வெள்ளப் படங்கள் அப்போது நிறையச் சுற்றும்.

படி 6: நன்கொடை கேட்கும்போது

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில்தான் இருக்க வேண்டும். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை வாங்கித் தரும் 80ஜி பதிவு இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதைப் பதிவிலேயே சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பும் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. இந்தியக் குடிமகனாக இருந்து வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தடை இல்லை. பணம் வந்த மாதமே வரவு செலவைப் பில்லோடு போடுங்கள். பதிவின் கீழே வரும் கேள்விகளுக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள்.