டெலிபோன் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் பழைய புத்தகங்கள்: வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் தேடி வாங்குவதற்கு

பழைய புத்தகக் கடையில் "டெலிபோன் புக் இருக்கா?" என்று கேட்டால், கையில் வருவது டைரக்டரியாக இருக்கும், இல்லாவிட்டால் செல்போன் ரிப்பேர் கையேடாக இருக்கும். கடைக்காரர் மேல் தவறில்லை. அவர் புத்தகங்களைப் பொருள் பார்த்து அடுக்குவதில்லை. எந்தப் படிப்பு, எந்த வருடம் என்று பார்த்தே அடுக்குகிறார். டெலிபோன் என்ற சொல் அவருடைய அடுக்கில் எங்குமே இல்லை. ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பொறியியல் படிப்பைச் சொல்லி "ஈ.சி.இ.-ல டெலிகாம் ஸ்விட்சிங் புக்" என்று கேளுங்கள், கை நேராகச் சரியான அடுக்குக்குப் போகும். அதுவும் பலிக்காவிட்டால் "டெலிபோனி" என்ற சொல்லையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். காதால் கேட்டுத் தேடுவதைவிட முதுகு எழுத்தை ஒப்பிட்டுத் தேடுவதே அவருக்குச் சுலபம்.

கிளம்பும் முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். டெலிபோனில் எதைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்? தாத்தா வீட்டில் கிடக்கும் சுழல் டயல் போனைத் திரும்பப் பேச வைப்பதா, எக்சேஞ்சுக்குள் (போன்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிலையத்துக்குள்) ஒரு அழைப்பு எப்படி வழி கண்டுபிடித்துப் போனது என்பதா, பேச்சு எப்படி எண்களாக மாறியது என்பதா? ஒவ்வொன்றுக்கும் புத்தகம் வேறு, அச்சான காலமும் வேறு.

போனுக்குள் இருக்கும் கார்பன் துகள் ஒலிவாங்கி, தூண்டல் சுருள், ஹூக் சுவிட்ச், டயல், மணி ஆகியவற்றை நிதானமாக விளக்குபவை 1930 முதல் 1960 வரை வந்த பிரிட்டிஷ் நூல்கள். அதில் தலையானது ஜே. அட்கின்சன் எழுதிய 'டெலிபோனி'. லண்டன் பிட்மன் வெளியீடு, இரண்டு தொகுதி. 1948-ல் வந்த முதல் தொகுதி அடிப்படைகளையும், ஆள் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் எக்சேஞ்சுகளையும் சொல்கிறது. 1950-ல் வந்த இரண்டாவது தானியங்கி எக்சேஞ்சுகளுக்கு. போனின் அடிப்படைகளுக்கு முதல் தொகுதியே தேவை. கடையில் ஒன்று மட்டும் கிடந்தாலும் தயங்காமல் எடுங்கள், மற்றது வேறொரு ஊரில் அகப்படும்.

எக்சேஞ்சுக்குள் புக வேண்டும் என்றால் நம் நாட்டில் எந்த முறை எப்போது ஓடியது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஸ்ட்ரோஜர், டயல் துடிப்புக்கு ஏற்பப் படிப்படியாக நகரும் தானியங்கி முறை. 1960-களிலிருந்து கிராஸ்பார், குறுக்கும் நெடுக்குமான கம்பிகள் சந்திக்கும் இடத்தில் இணைப்புக் கொடுக்கும் முறை. 80-களில் பிரெஞ்சு ஈ-10பி டிஜிட்டல் எக்சேஞ்சும், 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் சொந்த வடிவமைப்புகளும். ஸ்ட்ரோஜரிலிருந்து டிஜிட்டல் வரையிலான முறைகளை ஒரே அட்டைக்குள் தருவது தியாகராஜன் விஸ்வநாதன் எழுதிய 'டெலிகம்யூனிகேஷன் ஸ்விட்சிங் சிஸ்டம்ஸ் அண்ட் நெட்வொர்க்ஸ்'. பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா 1992-ல் வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளில் பாடப்புத்தகமாக இருந்ததால் தமிழ்நாட்டில் மிக எளிதாகக் கிடைப்பதும் இதுதான். ஒரே ஒரு புத்தகம் வாங்க நேரமிருந்தால் இதையே வாங்குங்கள். பேச்சு விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 8 பிட்டாகி, 64 கிலோபிட் ஓட்டமாகும் கதைக்கு ஜான் பெல்லமியின் 'டிஜிட்டல் டெலிபோனி' நல்லது. 1982 முதல் பதிப்பே போதும், அடிப்படை மாறவில்லை.

அமெரிக்க நூல்களில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடியவை பிரிட்டிஷ் வழியில் வந்த கருவிகள். இங்கே மணி அடிக்கும் மின்னோட்டம் சுமார் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 90 வோல்ட், 20 ஹெர்ட்ஸ். அங்கத்திய சுற்றுப்படத்தை வைத்துக்கொண்டு இங்கத்திய போனைத் திறந்தால் முனைகளின் எண்ணும் ஒத்துவராது, மணிச்சுருளும் ஒத்துவராது. கொள்கை படிக்க அமெரிக்க நூல் சரி. ஸ்க்ரூடிரைவர் கையிலெடுக்க பிரிட்டிஷ் நூல்தான் வேண்டும்.

எங்கே போவது

சென்னையில் "மூர் மார்க்கெட்" என்று ஆட்டோவில் சொன்னால் புறநகர் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. கடைகள் பக்கத்திலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. சென்ட்ரல் சுற்றுவட்டாரம் தொடர்ந்து கட்டுமான வேலையில் இருப்பதால், எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர் ஒருவரை முதல் நாளே விசாரிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். திருவல்லிக்கேணியில் பாரதி சாலை நடைபாதை (பழையவர்களுக்கு பைகிராப்ட்ஸ் ரோடு) ஞாயிற்றுக்கிழமை போகவேண்டிய இடம். மயிலாப்பூர் லஸ் பகுதியில் பொறியியல் குறைவு, ஆனால் பழைய பிரிட்டிஷ் அச்சு தட்டுப்படும். ஜனவரியில் போகிறவர்கள் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு வெளியே, நடைபாதையில் விரியும் பழைய புத்தகக் குவியலைத் தவறவிடக் கூடாது. உள்ளே புதியது, வெளியேதான் நம் வேட்டை.

கோவைக்காரர்களுக்கு உக்கடம் பழைய புத்தகக் கடைகள். திருச்சியில் மெயின் கார்டு கேட் பக்கம். பெங்களூரு வழியாக வருகிறவர்கள் அவென்யூ ரோட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காரணம் இருக்கிறது: 1948-ல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் அந்த ஊரில்தான், தூரவாணிநகரில். ஸ்ட்ரோஜர் எக்சேஞ்சையும் கிராஸ்பார் எக்சேஞ்சையும் கையால் கட்டிய ஒரு தலைமுறை அங்கே ஓய்வுபெற்றிருக்கிறது. கொழும்பில் மருதானை, டி. ஆர். விஜேவர்தன மாவத்தை நெடுகிலும் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே கேட்கவேண்டிய சொல் வேறு: "சிட்டி அண்ட் கில்ட்ஸ் டெலிகொம்". அந்தப் பரீட்சைக்குப் படித்த தொழில்நுட்பர்களின் புத்தகங்கள் அந்தப் பெயரிலேயே நினைவில் இருக்கும்.

ஆனால் உண்மையான புதையல் புத்தகக் கடையில் இல்லை, பழைய பேப்பர்க் கடையில் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிலிருந்து வெளியேறினார்கள். ஒவ்வொருவர் பரணிலும் பயிற்சிக் குறிப்புகள் இருந்திருக்கும்: மீனம்பாக்கத்தில் உள்ள பயிற்சி மையம் போன்ற இடங்களில் கொடுத்த கையேடுகள், ரிலே (மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) அனுசரிக்கும் அட்டவணைகள், பழுது கண்டுபிடிக்கும் வரிசைகள். எந்தப் பதிப்பகமும் அச்சிடாத அறிவு அது. வீடு மாறும்போது, வெள்ளையடிக்கும்போது, பொங்கலுக்கு முன் பரணை ஒழிக்கும்போது அப்படியே எடைக்குப் போய்விடுகிறது. ஆதம்பாக்கத்தில் டெலிபோன் காலனி என்றே ஒரு குடியிருப்பு உண்டு. அது போன்ற இடங்களைச் சுற்றியுள்ள பேப்பர்க் கடைகளில், டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் போய், "அண்ணே, இங்கிலீஷ் கட்டி அட்டை புக்கு, ஆபீஸ் நோட்டு வந்தா எடுத்து வைங்க, எடை விலைக்கு மேல தர்றேன்" என்று சொல்லி உறவினர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் நாளே எதுவும் கிடைக்காது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை போக வேண்டும்.

அதைவிடச் சிறந்தது, உறவு வட்டத்தில் விசாரிப்பது. லைன்மேன், போன் மெக்கானிக், ஜே.டி.ஓ. (இளநிலைத் தொலைத்தொடர்பு அதிகாரி) என்று யாராவது ஒரு பெரியப்பா, ஒரு மாமா இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. "புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு" என்பார்கள். "எந்த எக்சேஞ்சுல இருந்தீங்க மாமா? ஸ்ட்ரோஜரா, கிராஸ்பாரா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தொடங்கும், பெட்டி தானே இறங்கும். அந்தக் குறிப்பேட்டுக்கு விலை பேச வேண்டாம். வாங்கிக்கொண்டு போவதைவிட, அவர் எதிரிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருவது மரியாதை. புரியாத குறியீட்டுக்கு அவரே விளக்கமும் சொல்வார்.

ஒரு கட்டுப்பாடு. கேபிள் செல்லும் வழி வரைபடம், இன்னும் ஓடும் எக்சேஞ்சின் உள்ளமைப்பு, "அலுவலக உபயோகத்துக்கு மட்டும்" என்று முத்திரை குத்திய தாள் ஆகியவற்றை எடுக்கவே வேண்டாம். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற இரண்டாவது முத்திரை இல்லாத புத்தகத்தையும் தொடாதீர்கள்.

எப்போது

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரில் நடைபாதைக் கடை பாதி நாள் தார்ப்பாய்க்குள் இருக்கும். கிடைக்கும் புத்தகமும் ஈரம் வாங்கியிருக்கும். செமஸ்டர் தேர்வு முடியும் மே, ஜூன் மாதங்களில் மாணவர்கள் விற்கும் புத்தகம் குவியும். இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது: அண்ணா பல்கலைக்கழகம் 2008, 2013, 2017, 2021 என்று பாடத்திட்ட விதிகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பாடம் பட்டியலிலிருந்து விழுந்ததும் அதன் புத்தகம் கடைக்காரருக்கு வெறும் இடச்சுமை. "பழைய ரெகுலேஷன் ஸ்டாக் குடோன்ல இருக்கா?" என்று கேளுங்கள். முன்வரிசையில் பாதி விலை சொல்லும் அதே கடையில் பின்னறைச் சரக்கு இன்னும் கீழே இறங்கும்.

வாங்கும் முன் ஐந்து நிமிடம்

முதலில் படங்கள். பிரிட்டிஷ் டெலிபோன் நூல்களில் பெரிய சுற்றுப்படங்கள் மடித்து ஒட்டப்பட்டிருக்கும். பிரித்துப் பிரித்து மடிப்பில் கிழிந்து, முதலில் காணாமல் போவது அவைதான். உரை "படம் இத்தனை பார்க்க" என்று சொல்லும் இடங்களில் நான்கைந்தைத் தேர்ந்து, படம் உள்ளதா என்று பாருங்கள். சுற்றுப்படம் இல்லாத ஸ்ட்ரோஜர் அத்தியாயம் வெறும் சொற்குவியல்.

அடுத்து, பின்னிருக்கும் சொல்லடைவு. செலக்டர், யூனிசெலக்டர், லைன் ஃபைண்டர், சைட்டோன், எர்லாங் என்ற ஐந்தில் குறைந்தது மூன்று இருந்தால் அது டெலிபோன் நூல். ஒன்றுமே இல்லாமல் பாக்கெட், ரவுட்டர் என்றே போனால் அது கணினி வலைப்பின்னல் நூல், அட்டையில் எந்தப் படம் இருந்தாலும் சரி. டயல் அத்தியாயத்தைத் திறந்து, விநாடிக்கு 10 துடிப்பு, துண்டிப்புக்கும் இணைப்புக்கும் 2:1 விகிதம் என்று எண்களோடு சொல்கிறதா என்று பாருங்கள். எண் சொல்லாமல் "தொடர் துடிப்புகள்" என்று கடந்துபோகும் நூல் தேர்வுக்கு எழுதியது, வேலைக்கு உதவாது.

ஜெராக்ஸ் எடுத்துக் கட்டி அட்டை போட்ட பிரதிகள் உண்டு. பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து மினுங்கும், நிழற்படங்கள் கரியாகத் தெரியும். மெல்லிய கோடுகள் ஓடும் ரிலே சுற்றுப்படம் ஜெராக்ஸில் அடைந்துபோய்விடும் என்பதால் இது வேண்டாம்.

கடைசியாகப் பூச்சி. ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகத்தில் ஊசித்துளை அட்டையிலிருந்து உள்ளே நேராகப் போகும். முதுகைக் கீழ்நோக்கி வெள்ளைத் தாளில் இரண்டு முறை தட்டுங்கள். மாவு போல் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கலாம். கரையான் மண் ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு நகருங்கள், மற்றப் புத்தகங்களையும் கெடுக்கும்.

பேரத்தில் வெளிநாட்டிலிருந்து வந்ததை மறைக்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம். 50, 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போங்கள். ஒரு புத்தகத்துக்குப் பேசாமல் நான்கைந்தைச் சேர்த்து வைத்து மொத்தமாக விலை கேளுங்கள். அட்கின்சன் போன்ற அரிய நூலுக்குக் கடைக்காரர் நல்ல விலை சொன்னால் கொடுத்துவிடுங்கள். குப்பைக்குப் போகாமல் பத்து வருடம் காத்து வைத்தவர் அவர்.

கொண்டுபோவது

600 பக்கப் பொறியியல் புத்தகம் ஒரு கிலோ வரும். பெட்டியில் ஒரே கட்டாக அடுக்கினால் எக்ஸ்ரேயில் கரும்பாளமாகத் தெரிந்து திறக்கச் சொல்வார்கள். துணிகளுக்கு நடுவே பிரித்து வையுங்கள். "இந்தியாவில் விற்பனைக்கு மட்டும்" என்று அச்சிட்ட மலிவுப் பதிப்பில், சொந்தமாகப் படிக்க ஒரு பிரதி எடுத்துப் போவது வேறு, பத்துப் பிரதி எடுத்துப் போவது வேறு. 100 ஆண்டு கடந்த அச்சு நூலும், 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படியும் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்ட வரம்புக்குள் வரக்கூடும். தொல்லியல் துறையிடம் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

வெளிநாட்டு வீட்டுக்குத் திரும்பியதும் புத்தகத்தை உடனே அலமாரியில் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி பாலித்தீன் பையில் காற்று போக்கி மூடி, வீட்டு ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் சேர்ந்து சாகும். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்தால், பூச்சிக்குத் தப்பிய சுற்றுப்படம் பூஞ்சைக்குப் பலியாகிவிடும்.