மூடினதா, அடைத்ததா, தடுத்ததா? ஆங்கிலத்தில் எதற்கு எந்தச் சொல்

‘அடைச்சிருக்கு’ என்று கடையையும் சொல்வோம், மூக்கையும் சொல்வோம், சாக்கடையையும் சொல்வோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் ஒத்துவராது. வாயைத் திறக்குமுன் யோசிக்க வேண்டியது இதுதான்: யாராவது மூடினார்களா, ஏதாவது போய் அடைத்துக்கொண்டதா, விதி தடுக்கிறதா?

மூடினால் ‘ஷட்’ அல்லது ‘க்ளோஸ்’. கதவு, ஜன்னல், கண் ஆகியவற்றுக்கு இரண்டும் சரி. ‘ஷட்’ இறந்தகாலத்திலும் ‘ஷட்’தான், ‘ஷட்டட்’ கிடையாது. வங்கிக் கணக்குக்கும் கூட்டத்துக்கும் ‘க்ளோஸ்’ மட்டுமே. ‘தி ஷாப் இஸ் க்ளோஸ்’ என்பது நம்மிடம் அடிக்கடி வரும் பிழை. கடைசி ‘ட்’ விட்டுப்போனால் கடை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம் மாறிவிடும். ‘க்ளோஸ்ட்’ என்று முடியுங்கள். குழாய், ஃபேன், லைட்டுக்கு ‘க்ளோஸ்’ வேண்டாம், ‘ஆஃப் தி ஃபேன்’ என்பதும் தவறு. ‘டர்ன் ஆஃப் தி டேப்’, ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’.

அடைத்துக்கொண்டால் பொதுச்சொல் ‘பிளாக்ட்’. மூக்கு, குழாய், மரம் விழுந்த சாலை எல்லாவற்றுக்கும் இது போதும். கிச்சன் சிங்க்கில் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் நாள்பட படிந்து தண்ணீர் மெதுவாக இறங்கினால் ‘க்ளாக்ட்’. பிரிண்டரில் தாள் கசங்கி உருளையில் மாட்டிக்கொண்டால் ‘ஜாம்ட்’: நகர வேண்டியது சிக்கி நின்றால் மட்டும் இந்தச் சொல். வண்டிகள் ஊர்ந்து போகும் சாலை ‘கஞ்செஸ்டட்’.

வங்கியில் சொல் மாறினால் காரியமே மாறிவிடும். ஏடிஎம் கார்டு தொலைந்தால் ‘பிளீஸ் பிளாக் மை கார்டு’. ‘க்ளோஸ் மை அக்கவுண்ட்’ என்றால் கணக்கையே முடித்துவிடச் சொல்வதாகும். உத்தரவின் பேரில் பணம் எடுக்க முடியாமல் நிறுத்திவைத்த கணக்கு ‘ஃப்ரோஸன்’. 2 ஆண்டுக்கு மேல் நீங்கள் வரவுசெலவே செய்யாத சேமிப்புக் கணக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி ‘இன்ஆபரேட்டிவ்’. இதை கேஒய்சி ஆவணம் கொடுத்து மறுபடி இயக்கலாம்.

விதி தடுக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘ரெஸ்ட்ரிக்டட்’ முழுத்தடை ஆகாது. சிலருக்கு, அல்லது ஓர் அளவு வரைக்கும், அனுமதி உண்டு. ‘என்ட்ரி இஸ் ரெஸ்ட்ரிக்டட் டு ஸ்டாஃப்’ என்ற பலகையின்படி ஊழியர்கள் மட்டும் போகலாம். ‘க்ளோஸ்ட் டு ஹெவி வெஹிக்கிள்ஸ்’ என்றாலோ கனரக வண்டிகள்தான் போகக்கூடாது. இரண்டிலும் அதே ‘டு’, பொருளோ நேர் எதிர். ‘ரெஸ்ட்ரிக்டட் டு’ என்றால் பின்னால் வருபவர் உள்ளே, ‘க்ளோஸ்ட் டு’ என்றால் வெளியே என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுத்தடைக்கு ‘பேன்’. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு வந்தது ‘பேன் ஆன் பிளாஸ்டிக்’. ஆளைத் தடுத்தால் ‘ஃப்ரம்’ வரும்: ‘ஹி வாஸ் பேன்ட் ஃப்ரம் டிரைவிங்’. ‘பேன்ட் டு டிரைவ்’ என்று எழுதாதீர்கள். ‘ப்ரொஹிபிட்டட்’ சட்ட நடைச் சொல். அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும், பேச்சுக்குக் கனம்.

‘ஷட்டவுன்’ தனியாகச் சொல்ல வேண்டியது. மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்துவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் இது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘வி ஹேவ் எ ஷட்டவுன் டுடே’ என்று மெயில் போனால் அலுவலகமே மூடிக்கிடப்பதாக எண்ணிவிடுவார். ‘பிளான்ட் பவர் கட்’ என்று எழுதி, எத்தனை மணிக்குத் திரும்ப வரும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.