ஊரின் சின்னமாக ஒரு பழம்: தெரிவு செய்வது எப்படி?

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் தேசியப் பழம் மாம்பழம், பங்களாதேஷுக்குப் பலாப்பழம். மாநிலங்களுக்கும் பழம் உண்டு. கேரளம் 2018 இல் பலாவைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. அரசு அறிவித்தால்தான் சின்னம் என்றும் இல்லை. பிலிப்பைன்ஸில் மாம்பழத்துக்கென்று சட்டம் இல்லை, மக்கள் வழக்கமே அதைத் தேசியப் பழமாக்கியிருக்கிறது. ஆகவே இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் ஒரு பாடசாலையோ வாசிகசாலையோ தன் ஊருக்குப் பழம் தெரிவு செய்யத் தடையேதும் இல்லை.

படி 1: பட்டியல் போடுங்கள்
வளவில் நட்டு வளர்ப்பவை ஒரு பக்கம்: மா, பலா, வாழை, தோடை. காட்டில் தானாய் வருபவை மறுபக்கம்: பாலை, வீரை, நாவல், விளா, ஈச்சை. இரண்டாவது பக்கத்துக்கு ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கும்.

படி 2: மூன்று கேள்விகள்
இந்த மண்ணில் தானாக வளருமா? ஊரில் எல்லோரும் தின்றிருக்கிறார்களா? வேறு ஊர் ஏற்கனவே தன் அடையாளமாக வைத்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் மாம்பழம் விழுந்துவிடும். எவ்வளவு ருசியானாலும், மாம்பழம் என்றதும் யாருக்கும் வன்னி நினைவுக்கு வராது.

என் தெரிவு பாலைப்பழம். வறண்ட காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பெரிய மரமாக நிற்கிறது. மஞ்சள் நிறத்தில் சிறிய பழம், நல்ல இனிப்பு, தின்றால் பால் உதட்டில் ஒட்டும். கரடிக்கும் இது விருப்பமான உணவு. மரம் வைரம் பாய்ந்தது என்பதால் வெட்டப்படுகிறது, வளர்வதோ மிக மெதுவாக. சின்னமாக்கினால் அதை வெட்ட வருபவரிடம் ஊர் கேள்வி கேட்கும். எனக்கு இதுவே பெரிய காரணம்.

படி 3: நேரில் பாருங்கள்
பழக்காலத்தில் பெரியவர்களோடு மட்டும் காட்டுக்குப் போங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். கிளையை முறிக்காமல், விழுந்த பழத்தை மட்டும் பொறுக்குங்கள்.

படி 4: வரையுங்கள்
ஸ்பெயினின் அரசுச் சின்னத்தில் கிரனாடா என்ற பழைய இராச்சியத்தைக் குறிக்க ஒரு மாதுளம்பழம் அடியில் இருக்கிறது. ஒரேயொரு பழம், இரண்டு இலைகள், அவ்வளவுதான். நீங்களும் அப்படி எளிமையாக, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி வரையுங்கள். பாலை இலை தடித்தது, நுனி மழுங்கியது. அதைச் சரியாக வரைந்தால் ஊரார் உடனே அடையாளம் காண்பார்கள்.

படி 5: நடுங்கள்
தின்ற பழத்தின் விதையைக் கழுவி, புதிதாக இருக்கும்போதே மண் நிரப்பிய பையில் போடுங்கள். தோல் கடினம். ஒரு ஓரத்தைக் கல்லில் லேசாக உரைத்துவிட்டால் முளைக்க உதவும். கன்று மெதுவாகத்தான் எழும், அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். நிழலில் வைத்து வளர்த்து, அடுத்த வருடம் மாரி மழை தொடங்கியதும் பாடசாலை வளவில் நடுங்கள். ஆடு மாடு எட்டாதபடி அன்றைக்கே வேலி அடைத்துவிடுங்கள்.