புராஸ்டேட் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியே தையல் இல்லை, கட்டு இல்லை. காலையில் போனவர் மாலையிலோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டின் வீக்கத்துக்கு இப்போது செய்யப்படும் சிகிச்சைகளில் பல இப்படித்தான் முடிகின்றன. அதனாலேயே "பெரிதாக ஒன்றும் செய்யவில்லை" என்ற எண்ணம் நோயாளிக்கும் வந்துவிடுகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலான சிகிச்சைகளில் உள்ளே புண் இருக்கிறது. சிறுநீர் போகும் வழியிலேயே இருக்கிறது. அது ஆறும் காலம் முழுக்க அந்த வழியாகத்தான் ஒரு நாளைக்குப் பல முறை சிறுநீர் போயாக வேண்டும். வீடு திரும்பிய பிறகு செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை, கண்ணுக்குத் தெரியாத இந்தப் புண்ணை மறந்துவிடுவதால் வருபவை.

முதல் தவறு மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுகிறது. தனக்கு என்ன சிகிச்சை நடந்தது என்று சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். "ஏதோ லேசர்" என்ற அளவில்தான் பலருக்குத் தெரியும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் குணமாகும் கணக்கு வேறு என்பதால், இந்தத் தெளிவு இல்லாவிட்டால் பிறகு எல்லாமே குழப்பம்தான்.

யூரோலிஃப்ட் என்ற சிகிச்சையில் திசுவை வெட்டுவதோ சுடுவதோ இல்லை. வழியை அடைத்து நிற்கும் சதையைச் சிறிய உள்வைப்புகளால் இருபுறமும் இழுத்துப் பிடித்து வைக்கிறார்கள். பலருக்குச் சிறுநீரை வெளியேற்றும் டியூபே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் பெரும்பாலும் ஒரு நாளோடு முடிந்துவிடும். எரிச்சலும் சிறுநீர் அவசரமாக வரும் உணர்வும் 2 முதல் 4 வாரங்களில் தணியும். ரெஸூம் அப்படி இல்லை. நீராவியை ஒவ்வோர் இடத்திலும் 9 நொடி செலுத்துகிறார்கள். அந்தத் திசு இறந்து, உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். முதலில் வீக்கம்தான் வரும், அதனால் டியூப் பல நாட்கள் இருக்கும். ஹோலெப்பில் லேசரால் திசுவைக் குடைந்தே எடுத்துவிடுவதால், டியூப் எடுத்ததுமே ஓட்டம் நன்றாக வந்துவிடும். ஆனால் சில வாரங்களுக்குக் கசிவு இருக்கலாம். புராஸ்டேட்டுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையில் சிறுநீர்ப் பாதையைத் தொடுவதே இல்லை. மணிக்கட்டிலோ தொடை மேற்புறத்திலோ ஒரு துளை, அவ்வளவுதான். ஆனால் முதல் சில நாட்கள் அடிவயிற்று வலி, லேசான காய்ச்சல், குமட்டல் இருக்கலாம். சுரப்பி சுருங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

இதைத் தெரிந்துகொள்ளாதவர், தெரிந்தவர் ஒருவரின் அனுபவத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். "அவருக்கு மூன்றாம் நாளே சரியாகிவிட்டதே" என்று கவலைப்படுகிறார். அந்த மற்றவருக்கு நடந்தது வேறு சிகிச்சையாகவே இருந்திருக்கும். ரெஸூம் செய்துகொண்டவருக்கு முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசமாகக்கூட இருக்கலாம். அதைத் தோல்வி என்று முடிவுகட்டி வேறு மருத்துவரிடம் ஓடுவதோ, பழைய மாத்திரைகளைத் தாமாகவே அதிகப்படுத்துவதோ அவசரப்பட்டுச் செய்யும் தவறு. முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 3 மாதம் ஆகும். எந்தச் சிகிச்சையானாலும் கடைசியில் சரியாவது பெரும்பாலும் இரவில் எழுந்து போகும் தொல்லைதான். சிலருக்கு அதன் காரணம் புராஸ்டேட்டே இல்லை. சர்க்கரை நோய், கால் வீக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது என்று வேறு எங்கோ இருக்கும்.

டியூபும் பையும்

டியூபோடு வீட்டுக்கு வருபவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கவனிக்க வேண்டியது உண்மையில் சில விஷயங்கள்தான். டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். படுக்கையின் மேலே, வயிற்றுக்கு அருகே வைத்தால் பையில் இருப்பது உள்ளே திரும்பும். கிருமித்தொற்றுக்கு அது நேர்வழி. தரையில் போடுவதும் கூடாது. பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் எடையே டியூபை இழுக்கும். டியூபைத் தொடையில் கொஞ்சம் தளர்வு விட்டு ஒட்டிவைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் ஆணுறுப்பின் நுனியில் வரும் வலியையும் ரத்தக் கசிவையும் அது பெருமளவு குறைத்துவிடும்.

டியூப் இருக்கும்போதே "சிறுநீர் வருகிறது, போகணும்" என்று தோன்றுவதும், டியூபின் ஓரமாகக் கொஞ்சம் கசிவதும் பலருக்கு நடக்கும். சிறுநீர்ப்பை சுருங்கி இழுப்பதால் வரும் உணர்வு அது. அந்த நேரத்தில் முக்கக் கூடாது. முக்கினால் இழுப்பு அதிகமாகும். மூச்சை மெதுவாக விட்டுத் தளர்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடிக்கடி வந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எக்காரணம் கொண்டும் டியூபைத் தாமாகப் பிடுங்கக் கூடாது. உள்ளே நீர் நிரப்பிய பலூன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியே இழுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் வழி முழுவதும் கிழியும். வயதானவர்கள் சிலர் அரைத்தூக்கத்தில், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இழுத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு முதல் இரவுகளில் யாராவது அதே அறையில் படுத்துக்கொள்வது நல்லது.

டியூப் எடுத்த அன்று நடக்கும் ஒரு தவறைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. "நிறையக் குடித்தால் சீக்கிரம் வரும்" என்று ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடித்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்து, சுருங்கும் பலத்தை இழந்து, வர வேண்டியதும் வராமல் நின்றுவிடும். வழக்கம்போலச் சிறிது சிறிதாகக் குடித்தால் போதும். 4 முதல் 6 மணி நேரம் ஆகியும் சிறுநீர் வரவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது என்றால் இரவு என்றும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுபடி சில நாட்கள் டியூப் போட வேண்டி வந்தால் மனம் உடையத் தேவையில்லை. வீக்கம் இன்னும் வடியவில்லை என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம்.

ரத்தம்: எது சாதாரணம், எது இல்லை

இங்கே இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. சிலர் இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்ததுமே பதறுகிறார்கள். சிலர் கட்டி கட்டியாக வந்தாலும் "அப்படித்தான் இருக்கும்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் சில வாரங்களில் சிறுநீர் இளஞ்சிவப்பாகவோ வெளிர் பழுப்பாகவோ வருவது, இடையே தெளிந்து மறுபடி நிறம் மாறுவது, சிறு துணுக்குகள் போவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். சிறுநீர் கெட்டியாக, அடர்சிவப்பாக, அடியில் எதுவும் தெரியாத அளவுக்கு வந்தாலோ, பெரிய ரத்தக்கட்டிகள் போனாலோ, கட்டி அடைத்து ஓட்டம் நின்றாலோ அது அவசரம்.

திசுவை எடுக்கும் சிகிச்சைகளுக்குப் பிறகு 10 முதல் 14 நாட்களில் ஒரு கட்டம் வரும். முழங்காலில் பட்ட சிராய்ப்பின் பொருக்கு உதிர்வது போல உள்ளே இருக்கும் பொருக்கும் அப்போது உதிர்கிறது. நன்றாகத் தெளிந்திருந்த சிறுநீரில் திடீரென்று ரத்தம் தெரியும். இந்தக் காலத்தைத்தான் நான் மிக முக்கியமானதாகப் பார்க்கிறேன். ஏனென்றால் வலியெல்லாம் போய் "சரியாகிவிட்டேன்" என்று மனிதர் எழுந்து நடமாடும் நேரமும் சரியாக இதுதான். கனமான பையைத் தூக்குவது, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது, வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்குவது எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. குறைந்தது முதல் இரண்டு வாரமாவது 5 கிலோவுக்கு மேல் தூக்காமல் இருக்க வேண்டும். திசு எடுக்கும் சிகிச்சையென்றால் 4 முதல் 6 வாரம் வரைகூடச் சொல்வார்கள். இருசக்கர வண்டியிலும் சைக்கிளிலும் இருக்கை அழுத்தும் இடம், ஏறக்குறைய புராஸ்டேட்டுக்கு நேர் கீழே. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவை வேண்டாம்.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் தவறுதான். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றிப் பலர் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. மலக்குடல் புராஸ்டேட்டுக்கு ஒட்டிப் பின்னால் இருக்கிறது. முக்கும்போது வரும் அழுத்தம் முழுவதும் அங்கேதான் போகிறது. ரத்தம் திரும்ப வருவதற்கு அது ஒன்றே போதும். வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் போகவில்லை என்றாலே மலமிளக்கி கேட்டு வாங்கிவிடுவது நல்லது. நாலாவது நாள்வரை பொறுத்திருந்து பிறகு முக்குவதுதான் ஆபத்து.

தண்ணீர் விஷயத்தில் பயந்து குடிப்பதைக் குறைப்பவர்களே அதிகம். எரிகிறது, அதனால் போகாமல் இருக்க வேண்டும், அதனால் குடிக்கக் கூடாது என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், கட்டியும் உறையும். பகலில் 2 முதல் இரண்டரை லிட்டர் பரவலாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு 2 மணி நேரத்துக்கு முன்பு குறைத்துக்கொள்ளலாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்கள் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். காபி, டீ, மது மூன்றும் சிறுநீர்ப்பையைச் சீண்டுபவை, முதல் சில வாரம் ஒதுக்கிவைக்கலாம்.

மாத்திரைகள்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் எந்தப் பக்கம் தவறினாலும் ஆபத்து. சீக்கிரம் தொடங்கினால் ரத்தக்கசிவு. தொடங்க மறந்தால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம், குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு. எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும். வாய்வார்த்தை போதாது.

புராஸ்டேட் மாத்திரைகளை வீட்டுக்கு வந்த அன்றே நிறுத்திவிடுவதும் வழக்கமான தவறு. டாம்சுலோசின் போன்றவை வீக்கம் வடியும்வரை வழியைத் தளர்த்தி வைக்கின்றன. சில வாரம் தொடரச் சொன்னால் தொடர வேண்டும். அப்புறம் சளி மாத்திரை. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். குளோர்ஃபெனிரமைன் போன்ற பழைய ஒவ்வாமை மாத்திரைகள் சிறுநீர்ப்பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும். சாதாரண ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிய ஒரு மாத்திரையால் சிறுநீர் அடைத்துப்போவது அபூர்வமான ஒன்றில்லை. வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்து உடல் நடுங்கினால், வீட்டில் மீந்திருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. கிருமி ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும்.

கசிவுக்குப் பயந்து வெளியே போவதையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் உறிஞ்சும் பேடு வைத்துக்கொள்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். வாயுவை அடக்கும்போது இறுகும் அதே தசையை 5 நொடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஒரு நாளைக்குச் சில முறை செய்தால் பலன் தெரியும். டியூப் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. சிறுநீரைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் வேண்டாம்.

தாம்பத்தியத்தைப் பற்றி மருத்துவரும் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. பொதுவாக 2 முதல் 4 வாரம் பொறுக்கச் சொல்வார்கள். விந்தில் சில வாரம் ரத்தம் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. ஹோலெப் போன்ற சிகிச்சைகளுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு உச்சத்தில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடலுக்கு அதனால் கேடு இல்லை, ஆனால் பெரும்பாலும் நிரந்தரம். யூரோலிஃப்டிலும் ரெஸூமிலும் இது நடப்பது குறைவு. முன்கூட்டியே தெரியாதவருக்கு இது பெரிய அதிர்ச்சி, எனவே கணவன் மனைவி இருவருமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதைக் கருத்தடையாக எண்ணிவிடவும் கூடாது.

புராஸ்டேட் புற்றுநோயைக் கவனிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏவை ஒரு மாதத்துக்குள் செய்து பார்த்து, எண் ஏறியிருக்கிறது என்று தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. சிகிச்சையால் வந்த அழற்சியே அந்த எண்ணை ஏற்றும். சுமார் 3 மாதம் கழித்துப் பார்ப்பதுதான் சரி. அதுவே இனி உங்கள் புதிய அடிப்படை எண். "புராஸ்டேட்டையே எடுத்துவிட்டார்கள், இனி எதற்கு இந்தப் பரிசோதனை" என்று விட்டுவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. எடுத்தது உள்பகுதியை மட்டும்தான். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது மீதமிருக்கும் வெளிப்பகுதியில். யூரோலிஃப்ட் செய்தவர்கள் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது உள்வைப்பு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் நன்றாகிப் பல மாதம் கழித்து, ஓட்டம் மறுபடி மெலிந்தால் பலர் "பழைய வீக்கம் திரும்பிவிட்டது" என்று நினைத்து, மீதமிருந்த மாத்திரையைத் தாமே தொடங்கிவிடுகிறார்கள். முதல் வருடத்தில் அப்படி மெலிவதற்கு, ஆறிய இடத்தில் தழும்பு உண்டாகிச் சிறுநீர்க்குழாய் சுருங்கியது காரணமாக இருக்கலாம். அதற்கு மாத்திரை வேலை செய்யாது. ஓட்டத்தின் வேகத்தை அளந்து, ஸ்கேனில் சிறுநீர் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சுருக்கம் லேசாக இருக்கும்போதே பிடித்தால் அதைச் சரிசெய்வதும் எளிது.